தொண்டை நோவுக்குப் பிறகு திடீரென மாறிய பிள்ளை: பான்டாஸ் பரம்பரையாக வருமா?

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஏழு வயது மகனுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து மாறியது. பத்து நாளில் ஒரே இரவில் கண் சிமிட்டலும் ஓயாத கை கழுவலும் தொடங்கிவிட்டன. கனடாவிலுள்ள சொந்தக்காரர் ஒருவர் இது பான்டாஸாக, அதாவது ஸ்ரெப் என்ற தொண்டைக் கிருமி வந்த பிறகு பிள்ளையின் நடத்தையும் அசைவும் சடுதியாக மாறும் வருத்தமாக, இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையின் அப்பப்பாவுக்குப் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. தாயின் தங்கைக்குச் சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து மாதாமாதம் ஊசி போட்டார்கள். "இது எங்கட பரம்பரையில வந்ததோ? சின்னவளுக்கும் வருமோ? இரத்தத்தில மரபணு பாக்கேலுமோ?" என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் மறுமொழி. பான்டாஸ் என்ற வருத்தம் அப்படியே தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிள்ளைக்கு இறங்குவதில்லை. குடும்பங்களில் இறங்குவது வேறு வேறான சில சாய்வுகள். அனிச்சையாகக் கண், தோள், தொண்டை அசையும் சாய்வு ஒன்று. ஒரே எண்ணம் விடாமல் துரத்தும் சாய்வு ஒன்று. ஸ்ரெப் கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்புத் தன் உறுப்புகளையே தாக்கும் சாய்வு இன்னொன்று. இவை ஒரே பிள்ளையில் வந்து சேரலாம், சேராமலும் போகலாம். சேர்ந்தாலும் கிருமி வராவிட்டால் எதுவும் நடக்காமல் இருக்கலாம். மரபணுப் பரிசோதனையால் இன்றைக்கு இதைச் சொல்ல முடியாது. அதற்காகக் காசைச் சேர்த்துக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ இரத்தம் அனுப்ப வேண்டாம். உங்கள் பிள்ளையின் விஷயத்தில் பரிசோதனையைவிடப் பெறுமதியானது அந்தத் தங்கையின் பழைய கிளினிக் கொப்பி. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பான்டாஸ் என்ற பெயர் அமெரிக்காவில் சூசன் சுவீடோவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1998 இல் 50 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது நிலைபெற்றது. மூன்று வயதுக்கும் பருவமடைதலுக்கும் இடையில் தொடங்குவது, திடீரென்று தொடங்குவது, குறைந்தும் கூடியும் வருவது, ஏ வகை ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியோடு காலத் தொடர்பு இருப்பது, கட்டாய எண்ணச் செயல்களோ (ஓ.சி.டி.) அனிச்சை அசைவுகளோ இருப்பது, நரம்பு சார்ந்த சிறு மாற்றங்கள் தென்படுவது என்பவை அதன் அடையாளங்கள். அந்த 50 பேரில் அனிச்சை அசைவுகள் சராசரியாக 6.3 வயதிலும் கட்டாய எண்ணங்கள் 7.4 வயதிலும் தொடங்கியிருந்தன. ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளைவிட இரண்டரை மடங்குக்கு மேல். உங்கள் மகனின் வயதும் தொடங்கிய விதமும் இதற்குள் வருகின்றன. ஆனால் இந்த வருத்தத்தை உறுதியாகக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இந்தப் பெயருக்கு வரவேண்டும். மருத்துவர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனால் ஒரு டொக்டர் தயங்கினால் அவருக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம்.

உள்ளே நடப்பதாகக் கருதப்படுவது இதுதான். ஸ்ரெப் கிருமியின் மேலுறையிலுள்ள சில பகுதிகள் நம்முடைய திசுக்களைப்போலவே இருக்கும். கிருமியை அடிக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், இதயத்திலோ மூட்டிலோ அதே சாயலைக் கண்டால் அங்கும் அடிக்கும். அது வாதக் காய்ச்சல். மூளையின் ஆழத்தில் அசைவையும் பழக்கத்தையும் ஒழுங்குபடுத்தும் பகுதியில் பட்டால் சிடன்ஹாம் கொரியா என்ற, கைகாலும் முகமும் தாமாகத் துள்ளும் வருத்தம் வரும். பான்டாஸிலும் இதே வழிதான் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

இனிக் குடும்பக் கணக்கு. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு பான்டாஸ் உள்ள 54 பிள்ளைகளின் பெற்றோரையும் சகோதரங்களையும் விசாரித்தது. 39 சதவீதப் பிள்ளைகளுக்கு, அனிச்சை அசைவு இருந்த பெற்றோர் அல்லது சகோதரம் ஒருவராவது இருந்தார். கட்டாய எண்ண வருத்தம் உள்ள நெருங்கிய உறவு ஒருவராவது இருந்தது 26 சதவீதப் பிள்ளைகளுக்கு. இதைப் பிழையாக வாசிக்கக்கூடாது. தம்பி தங்கைக்கு 39 சதவீதம் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. குடும்பத்தில் எவராவது ஒருவருக்கு, வாழ்நாளில் எப்போதாவது இருந்ததா என்ற கணக்கு இது. இன்னொரு முக்கியமான விஷயமும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. இந்த அளவு, ஸ்ரெப் தொடர்பே இல்லாத சாதாரண அனிச்சை அசைவு, கட்டாய எண்ண வருத்தக் குடும்பங்களில் காணப்படும் அளவைப் போன்றதுதான். அப்பப்பாவின் பூட்டு இழுக்கும் பழக்கம் பான்டாஸ் என்று காட்டாது. பிள்ளைக்கு வந்திருப்பது கிருமியோடு சம்பந்தமில்லாத சாதாரணக் கட்டாய எண்ண வருத்தமாகவும் இருக்கலாம் என்றும் அது சொல்கிறது. குடும்ப வரலாறு இரண்டு பக்கமும் வெட்டும். இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார்கள்.

இரட்டையர் ஆய்வுகளின்படி, பிள்ளைப் பருவத்தில் தொடங்கும் கட்டாய எண்ண அறிகுறிகளில் 45 முதல் 65 சதவீதம் வரை பரம்பரையின் பங்கு. வாதக் காய்ச்சலிலும் இரட்டையர் கணக்கு உண்டு. 435 சோடி இரட்டையரின் விவரங்களை 2011 இல் ஒன்றாக்கிப் பார்த்தபோது, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் 44 சதவீதமாகவும் மற்ற இரட்டையரில் 12 சதவீதமாகவும் இருந்தது. ஒரே மரபணு உள்ளவர்களிலும் பாதிக்கு மேல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கிருமி வந்ததா, எந்த வகை வந்தது, எவ்வளவு நாள் மருந்தில்லாமல் கிடந்தது என்பதெல்லாம் மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன.

மரபணுவைத் தேடியும் பார்த்திருக்கிறார்கள். 1997 இல் இரத்த வெள்ளணுக்களில் டி8/17 என்ற அடையாளம் பான்டாஸ் பிள்ளைகளில் 85 சதவீதத்திலும் சுகமான பிள்ளைகளில் 17 சதவீதத்திலும் கிடைத்தது என்று வந்தபோது பெரிய நம்பிக்கை எழுந்தது. பிறகு மற்ற இடங்களில் அதேபோல் சீராகக் கிடைக்காததால் அது நோயறியும் பரிசோதனையாக வளரவில்லை. 2022 இல், திடீரெனத் தொடங்கும் இந்த வகை வருத்தமுள்ள பிள்ளைகள் சிலரில் 11 மரபணுக்களில் மிக அரிதான மாற்றங்கள் இருப்பதாக எழுதினார்கள். சில நோயெதிர்ப்போடும் சில நரம்பணுக்களின் தொடர்போடும் சம்பந்தப்பட்டவை. ஆய்வுக்கு அது நல்ல தடயம். உங்கள் மகனுக்கு எந்த மருந்து என்பதை அது மாற்றாது.

அடிக்கடி ரொன்சில் வீங்குவதும் சில குடும்பங்களில் ஓடும். கலிபோர்னியாவில் 2019 இல் வெளிவந்த ஆய்வில், திரும்பத் திரும்ப ஸ்ரெப் தொண்டை வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கிருமியின் ஒரு நஞ்சுக்கு எதிரான புரதம் குறைவாக இருந்தது. அவர்களின் குடும்பங்களில் ரொன்சில் எடுத்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள். "எங்கட வீட்டில எல்லாருக்கும் தொண்டை பிழை" என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. அதோடு ஒரே பாயில் படுப்பதும் ஒரே குவளையில் குடிப்பதும் குடும்பத்துக்குள் ஓடுகிறவைதான். பரம்பரை என்று நினைப்பதில் ஒரு பங்கு வெறும் தொற்று.

இப்போது தங்கையின் கிளினிக் கொப்பிக்கு வருகிறேன். பிள்ளைக்குச் சித்தி இரண்டாம் நிலை உறவு, மரபணுவில் கால் பங்கு பொது. அவருக்கு வாதக் காய்ச்சல் இருந்தது என்றால் உங்கள் மகனில் முதலில் விலக்க வேண்டியது சிடன்ஹாம் கொரியாவும் இதய வால்வுப் பாதிப்பும். பான்டாஸைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு. கொரியாவோடு வரும் இதய அழற்சி வெளியே தெரியாமல் இருக்கலாம். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாலும் பிடிபடாமல் எக்கோ ஸ்கானில் மட்டும் தெரியலாம். தவறவிட்டால் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போடவேண்டிய பென்சிலின் ஊசி தவறும். அடுத்த ஸ்ரெப் வரும்போது வால்வு இன்னும் கெடும்.

வீட்டிலேயே சிலதைப் பார்க்கலாம். பிள்ளையை நாக்கை நீட்டி, நீங்கள் பத்து எண்ணும்வரை உள்ளே எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். கொரியாவில் நாக்கு தானாக உள்ளே ஓடிவிடும். பிறகு உங்கள் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடி சீராக நிற்காமல், பசுவில் பால் கறக்கும் கையைப்போல இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர்களும் இதைப் பால் கறப்பவரின் பிடி என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு கையையும் முன்னே நீட்டி விரல்களை விரித்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பான்டாஸ் பிள்ளைகள் சிலரில் விரல்கள் ஆர்மோனியத்தில் ஓடுவதுபோல மெல்லத் துள்ளும். கொரியாவில் அசைவு பெரிதாக, முகத்திலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து காலுக்கும் முறையில்லாமல் ஓடும். அனிச்சை அசைவோ அதே கண், அதே சிமிட்டல், அதே செருமல். சிறிது நேரம் அடக்கவும் பிள்ளையால் முடியும். இவற்றைக் கைபேசியில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாகப் படம் பிடியுங்கள். டொக்டருக்கு முன்னால் பிள்ளை அமைதியாக இருந்துவிடுவது வழக்கம்.

எழுத்துக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள். காய்ச்சலுக்கு முந்திய கிழமை எழுதிய பக்கம் ஒன்று, இப்போது எழுதிய பக்கம் ஒன்று. இந்த வருத்தத்தில் கையெழுத்து சடுதியாகக் கெடுவது நன்றாகத் தெரிந்த அறிகுறி. நம்முடைய எழுத்தில் அது ஒளியாது. 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று மோதும். 'ழ'வின் வால் அடுத்த வரிக்குள் போகும். கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தால் அது வேறு தகவல்: எழுத்துச் சரியாக வரும்வரை விடமுடியாத கட்டாயம் அங்கே இருக்கிறது. சடுதியாகப் படுக்கையில் சிறுநீர் போவது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மலசலகூடம் போவது, தாயை விட்டுப் பாடசாலைக்குப் போக மறுப்பது, "தொண்டையில் சிக்கும்" என்று சாப்பாட்டைக் குறைப்பது ஆகியவற்றையும் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

குடும்ப வரலாற்றை ஒரு தாளில் வரைந்து கொண்டுபோனால் கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் பெரிய உதவி. சதுரக் கொப்பித் தாள் போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கீழே பிள்ளையும் சகோதரங்களும், நடுவில் நீங்கள் இருவரும் உங்கள் கூடப்பிறந்தவர்களும், மேலே நான்கு பாட்டன் பாட்டிமார். கேள்விகளை வருத்தத்தின் பெயரால் கேட்காதீர்கள். ஒருவரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். "சின்ன வயதில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது ஆர்? பள்ளிக்கூடத்தில் அதுக்குப் பட்டப்பெயர் வைச்சதோ?" என்று கேளுங்கள். "மூட்டு மாறி மாறி வீங்கிப் பள்ளிக்கூடம் நிண்டது ஆர்? ஊசி போடக் கிளினிக்குக்குப் போனது ஆர்? இதய வால்வு ஒப்பரேஷன் ஆருக்கு?" என்று கேளுங்கள். தைரொயிட், மூட்டுவாதம், சொரியாசிஸ், லூபஸ் போன்றவற்றைத் தாய் பக்கத்தில் குறிப்பாகக் கேளுங்கள். 2010 இல் வந்த ஓர் ஆய்வில் அனிச்சை அசைவோ கட்டாய எண்ணமோ உள்ள பிள்ளைகளின் தாய்மாரில் ஏறத்தாழ 18 சதவீதத்தினர் தன்னெதிர்ப்பு நோய் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பொதுவான பெண்களில் எதிர்பார்க்கும் அளவைவிட இது கூட.

வன்னியில் இந்தத் தாளை நிரப்புவது லேசான வேலை இல்லை. 2009 இல் மட்டுமல்ல, அதற்கு முந்திய இடப்பெயர்வுகளிலும் கிளினிக் அட்டைகளும் பிறப்புப் பத்திரங்களும் போய்விட்டன. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் சிலர் இல்லை, சிலர் காணாமல் போனவர்கள். அந்தச் சதுரத்தை வரைந்து வெறுமையாக விடுங்கள். யாரோ சொன்னதை வைத்து நிரப்பாதீர்கள். வெறுமையான பெட்டியும் டொக்டருக்குத் தகவல்தான். வெளிநாட்டிலுள்ள ஒன்றுவிட்ட சகோதரங்களிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அங்கே அவர்களுக்கு எழுத்தில் நோயறிதல் கிடைத்திருக்கக்கூடும்.

இன்னொரு கவனமும் தேவை. போருக்குப் பிறகு கதவை மூன்று தரம் பார்ப்பவர், சத்தத்துக்குத் திடுக்கிடுபவர், இரவில் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பவர் நம்மிடையே பலர். அதைக் கட்டாய எண்ண வருத்தமென்று வரைபடத்தில் போட்டுவிடக்கூடாது. அப்பப்பா பூட்டை இழுத்தது எந்த வயதில் தொடங்கியது என்று கேளுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே இருந்தது என்றால் அது பரம்பரைக் கணக்கில் சேரும். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு தொடங்கியது என்றால் அது பட்ட காயத்தின் மிச்சம். அதற்கும் உதவி உண்டு, ஆனால் பேரனின் வருத்தத்தோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

நீங்கள் மச்சான் மச்சாள் முறையில் கல்யாணம் செய்தவர்களா என்பதையும் சொல்லுங்கள். பான்டாஸுக்காகச் சொல்லவில்லை. வில்சன் நோய் என்று ஒன்றிருக்கிறது. செம்பு உடம்பில் தேங்கி ஈரலையும் மூளையையும் கெடுக்கும். தாயும் தகப்பனும் ஒவ்வொரு பிழையான பிரதியைக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு வரும் என்பதால் சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பங்களில் வாய்ப்புக் கூட. அதுவும் குணமாற்றம், கையெழுத்துக் கெடுதல், நடுக்கம் என்று காட்டலாம், ஆனால் மெல்ல மெல்ல. வழக்கமாக ஐந்து வயதுக்குப் பிறகுதான் வெளிப்படும். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவும் கண் டொக்டரின் விளக்குப் பரிசோதனையும் ஆரம்ப விடையைத் தரும். மருந்து உண்டு. அந்த நோய் உறுதியானால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால் எல்லாரையும் பார்க்கவேண்டும். மரபணு உண்மையிலேயே பயன்படும் இடம் அது.

பரிசோதனைகளில் பிழை நடப்பது பெரும்பாலும் நேரத்தில்தான். தொண்டைச் சளியை அன்ரிபயோட்டிக் தொடங்குவதற்கு முன் எடுக்கவேண்டும். இரண்டு ரொன்சிலிலும் பின்சுவரிலும் பஞ்சு உரசவேண்டும், நாக்கில் இல்லை. ஸ்ரெப்புக்கு எதிரான புரதத்தைக் காட்டும் ஏ.எஸ்.ஓ.ரி. என்ற இரத்த அளவு தொற்றுக்குப் பிறகு மூன்று முதல் ஆறு கிழமையில் உச்சத்துக்குப் போகும். ஒரு தடவை மட்டும் எடுத்து "கூட இருக்கு" என்றால் அது அதிகம் சொல்லாது. பாடசாலைப் பிள்ளைகளில் அது சும்மாவே கூடியிருக்கும். இப்போது ஒன்று, மூன்று நான்கு கிழமை கழித்து ஒன்று என்று எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பதே பயன். தொண்டைக்குப் பதிலாகக் காலில் சிரங்குப்புண் வந்திருந்தால் ஏ.எஸ்.ஓ.ரி. ஏறாமலே இருக்கலாம், அன்ரி டிஎன்ஏஸ் பி என்ற பரிசோதனையைக் கேட்கவேண்டும், அது ஆறு முதல் எட்டுக் கிழமையில் உச்சம். புழுதியிலும் வயல் தண்ணீரிலும் திரியும் பிள்ளையின் புண்ணை எவரும் கணக்கில் எடுப்பதில்லை; காலைக் கழுவிப் பாருங்கள்.

ஸ்ரெப் உறுதியானால் வழக்கமான அமொக்சிசிலின் அளவு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 மில்லிகிராம், 1,000 மில்லிகிராமுக்கு மேற்படாமல், பத்து நாள். 20 கிலோ பிள்ளைக்கு அது நாளுக்கு 1,000. ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாணியில் கொடுத்தால் நாளுக்கு 40 மில்லி, பத்து நாளுக்கு 400 மில்லி. 100 மில்லிப் போத்தல் ஒன்று இரண்டரை நாளில் முடிந்துவிடும்! ஒரு போத்தலோடு நிறுத்திவிடுவதால்தான் பல பிள்ளைகளில் கிருமி மிஞ்சுகிறது. துண்டில் எத்தனை போத்தல் என்று எண்ணிப் பாருங்கள். குளிரூட்டி இல்லாத வீட்டில் எல்லாப் போத்தலையும் ஒன்றாகக் கரைக்காமல், ஒன்று முடிய மற்றதைக் கொதித்தாறிய நீரில் கோடு வரை கரையுங்கள். விழுங்கக்கூடிய பிள்ளைக்கு கப்சியூல் கேளுங்கள். பத்து நாள் மருந்து ஓடாது என்று தோன்றினால் ஒரே ஊசியாக பென்சதீன் பென்சிலின் போடலாம்: 27 கிலோவுக்குக் கீழ் 6 இலட்சம் அலகு, மேல் 12 இலட்சம். முன்பு பென்சிலினுக்குத் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் முதலில் அதைச் சொல்லவேண்டும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் இபுபுரூஃபன் கொடுக்கச் சொல்வார்கள். டெங்கு ஓடும் நம்முடைய ஊரில் காய்ச்சலுள்ள பிள்ளைக்கு அதைச் சொந்தமாகக் கொடுக்கவே கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். ஸ்டெரொயிட், இம்யூனோகுளோபுலின் என்பவை கடுமையான நிலையில் விசேட வைத்தியர் தீர்மானிப்பவை. கட்டாய எண்ணத்துக்குப் பழக்கவழக்கச் சிகிச்சையும், தேவையானால் மிகக் குறைந்த அளவில் தொடங்கும் மருந்தும் கிருமி மருந்தோடு சேர்ந்தே போகவேண்டும். கிணற்றடியில் பிள்ளை கேட்கக் கேட்க அம்மம்மா தண்ணீர் வார்த்துக் கொடுப்பது பாசம், ஆனால் அது கட்டாயத்தை வளர்க்கும். இன்று மூன்று வாளி என்றால் நாளைக்கு இரண்டரை என்று பிள்ளையோடு பேசி, திட்டாமல் குறையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அதே சாய்வு இருந்தால் அவர் பிள்ளையின் சடங்குக்கு லேசாக உடன்பட்டுவிடுவார். குடும்ப வரலாறு நடைமுறையில் உதவும் இன்னொரு இடம் இது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலை எதிலாவது பிள்ளை வைத்தியரிடம் தொடங்குங்கள். எக்கோவுக்கும் நரம்பியல் கருத்துக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் துண்டு தருவார்கள். வலிப்பு, மயக்கம், காய்ச்சலோடு குழப்பம், தண்ணீரும் குடிக்க மறுத்தல், தன்னைத் தானே காயப்படுத்தல் என்று ஏதாவது வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். மனநல ஆலோசனைக்கு 1926.

"தாய் வழியில வந்த பழுது" என்று யாராவது சொன்னால் அது பிழை. இந்தச் சாய்வுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. உங்கள் வீட்டிலேயே அப்பப்பா ஒரு பக்கம், சித்தி மற்றப் பக்கம்.

சின்னவளைப் பற்றி. அவளுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகளில் பத்துக்கு ஒருவருக்குச் சற்றுக் கூடத் தொண்டையில் ஸ்ரெப் சும்மாவே தங்கியிருக்கும். வருத்தமில்லாத பிள்ளையில் தேடினால் கிடைக்கும், பயமும் கிடைக்கும். இருமலும் மூக்கோட்டமும் இல்லாமல் சடுதியாகக் காய்ச்சல், விழுங்க நோ, கழுத்தில் தொட்டால் நோகும் கட்டி என்று வந்தால் அன்றைக்கே தொண்டைச் சளி எடுப்பியுங்கள். அண்ணனுக்கு வாதக் காய்ச்சலோ கொரியாவோ உறுதியானால், அவளுக்கு வரும் ஒவ்வொரு தொண்டை நோவிலும் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். அவளுடைய கிளினிக் அட்டையின் முன்பக்கத்தில் இப்போதே ஒரு வரி எழுதி வையுங்கள்: சித்திக்கு வாதக் காய்ச்சல், எந்த ஆண்டு, எத்தனை ஆண்டு ஊசி.